தாத்தாவின் சாப்பாட்டு மேசையை விற்கலாமா?



தாத்தா காலத்து பர்மா தேக்கு சாப்பாட்டு மேசையை விற்கப் போகிறோம் என்றதும் உறவில் சிலருக்கு வருத்தம். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை இன்றைய ஃபிளாட்டில் எங்கே நுழையும்? பூட்டிய வீட்டில் சும்மா கிடப்பதைவிட, வேறொரு குடும்பம் அதில் உட்கார்ந்து சாப்பிடட்டும். விற்பது பாவமில்லை.

யாரைக் கேட்டு விற்கிறோம் என்பதுதான் கேள்வி. "ஒரு மேசைதானே" என்று அண்ணன் தம்பிகள் மட்டும் பேசி முடிப்பது நம் பக்கத்து வழக்கம். அந்த மேசையில் முதல் பந்தி ஆண்களுக்கு. பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவர்கள் வீட்டுப் பெண்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தந்துவிட்டது. மேசைக்கும் அதே நியாயம்தான். கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளிடம் முதலில் கேளுங்கள்; யாராவது வைத்துக்கொள்ள விரும்பினால் அவர்களுக்கே கொடுங்கள்.

விற்பதென்று முடிவானால் புது பாலிஷ் போடாதீர்கள்; பழைய மெருகுக்குத்தான் மதிப்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பல உண்டு. மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். வந்த பணத்தை எல்லோருக்கும் தெரியப் பிரியுங்கள்.

உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.