வீடு தந்தால் போதுமா? தோட்ட நிலம் எங்கே?

கொத்தடிமைகளாயிருந்து மீட்கப்பட்ட இருளர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும் என்கிறார்கள் கனவான்கள்.

மழைக்காலத்தில் செங்கல் சூளை அணைகிறது. ஏழையின் அடுப்பும் அணைகிறது. அப்போதுதான் முதலாளியின் முன்பணம் வாசலுக்கு வருகிறது. 1976-ம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைக் கடனை ரத்துச் செய்தது. பசியை ரத்துச் செய்யவில்லை!

ஆடியில் விதைத்தால் கத்தரியும் வெண்டையும் கீரையும் அந்த மாதங்களில்தான் கைகொடுக்கும். குடியிருப்பை ஒட்டிக் கூட்டுத் தோட்டம் இருந்தால் முன்பணத்துக்குக் கை நீளுமா?

இருளருக்குக் கூட்டாக உழைக்கத் தெரியாதாம்! 1978-ல் பிறந்த வடநெம்மேலிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பு விஷம் எடுப்பவர்கள் யார்?

2016-ம் ஆண்டு மத்திய மறுவாழ்வுத் திட்டமே வீட்டுமனையோடு விவசாய நிலத்தையும் சொன்னது. பனமலை, செஞ்சி வட்டாரமெங்கும் மீட்கப்பட்டோர் குடியிருப்புக்குத் தோட்ட நிலமும் கிணறும் கூட்டுப் பட்டாவும் கொடு! தானமல்ல, உரிமை!