டெல்லி என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் 3 என்பார். பைதான் நிரல்மொழி 6 என்கிறது. திரையில் எழுத்துகளை அடுக்கித் தரும் பாங்கோ நூலகம் அதே சொல்லை 18 என்று அளக்கிறது. மூவரும் பிழை செய்யவில்லை. ட, எகரக் குறி, ல, புள்ளி, ல, இகரக் குறி என ஒருங்குறியில் 6 குறியெண்கள்; யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டு. ஆளுக்கோர் அலகால் எண்ணுகிறார்கள், அவ்வளவே. ஆனால் இந்த அலகுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடமான நிரல்மொழிப் பிணைப்பில், எந்த அலகு எது என்பது எங்கும் பதிவாவதில்லை.

க்னோம் மேசைக்கணினிச் சூழலின் அடித்தளமான ஜிடிகே, பாங்கோ ஆகியவை சி மொழியில் எழுதப்பட்டவை. சொல்லடைவோ ஒலிப்பதிவுக் குறிப்பேடோ உருவாக்க விரும்பும் ஆய்வாளர் சி மொழியை நாடுவதில்லை, பைதானில் எழுதுகிறார். இரண்டுக்கும் இடையே நிற்பது பிணைப்பு. பைஜிடிகே காலத்தில் அதனைப் பெரிதும் கையால் எழுதினர். இன்று சி மூலநிரலின் குறிப்புரைகளிலுள்ள அடையாளங்களைப் படித்து, கருவியே பிணைப்புக்கான விவரங்களை ஆக்கிக்கொள்கிறது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், க்னோம் வெளிவருகிறது. வெளியீட்டுக்கு முன் அந்த அடையாளங்களைச் செம்மைசெய்யும் பணி பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்பணியை உரையாசிரியரின் பணியோடு ஒப்பிடலாம். சி மொழியின் செயற்கூற்று அறிவிப்பு நூற்பாவைப் போன்றது. சுருங்கச் சொல்லிப் பலவற்றை விட்டுவிடும். திருப்பித் தரப்படும் நினைவகத்தை விடுவிக்க வேண்டியவர் யார்? வந்திருப்பது ஒரு பொருளா, வரிசையா? இது வெறுமையாக இருக்கலாமா? இவற்றுக்கெல்லாம் அடையாளங்கள் விடை தருகின்றன. கோப்புப்பெயரையும் உரையையும் வேறு வேறு வகையாகப் பிரித்துக் காட்டவும் வழியுண்டு. ஆனால் ஓர் உரையின் இன்ன இடம் என்று சுட்டும் முழு எண் பைட்டைக் குறிக்கிறதா, குறியெண்ணைக் குறிக்கிறதா என்று சொல்ல அந்த அடையாளத் தொகுதியில் சொல்லே இல்லை. கருவிக்கு அது வெறும் எண். உரை மௌனம் காக்கும் இடம் இதுதான்.

விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். ‘டெல்லித் தமிழ்’ என்ற தொடரில் இரண்டாம் சொல்லுக்கு அடிக்கோடிட வேண்டும். பைதானின் கணக்கில் அது 9இல் தொடங்கி 14இல் முடிகிறது. அவ்விரு எண்களையும் பாங்கோவிடம் கொடுத்தால் கோடு முதற்சொல்லின் நடுவே விழும். அதன் முடிவெல்லை லகரத்தின் 3 பைட்டுகளையே பிளக்கும். பாங்கோ எதிர்பார்த்தவை 25, 40 என்ற எண்கள். ரோமன் எழுத்தில் இதே பெயருக்கு 5 எழுத்து, 5 குறியெண், 5 பைட்டு. ஆங்கிலச் சொற்களை மட்டும் கொண்ட சோதனைகள் எத்தனை ஆயிரம் முறை ஓடினாலும் இப்பிழை வெளிப்படாது.

கல்வெட்டு ஆய்வாளருக்கு நிலைமை இன்னும் சிக்கலானது. தமிழின் பழைய பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் இடம்பெற்றன. 1/320 என்னும் முந்திரிக் குறி பைதானில் 1, ஜாவாஸ்கிரிப்டில் 2, பாங்கோவின் கணக்கில் 4. க்னோமுக்கு ஜாவாஸ்கிரிப்ட் பிணைப்பும் உண்டு என்பதால், ஒரே நூலகம் ஒரே குறிக்கு மூன்று முகம் காட்டுகிறது.

இந்தக் கதையில் டெல்லிக்குப் பெயரளவில் மட்டுமன்றி வேறொரு பங்கும் உண்டு. மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாகக் குறியிடும் இஸ்கி முறையின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியே ஒருங்குறி தன் இந்திய எழுத்துப் பகுதிகளை அமைத்தது. 1991இல் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய தர நிர்ணய அமைவனம் இஸ்கியை ஐஎஸ் 13194 என்ற தரமாக வெளியிட்டது. இஸ்கியில் டெல்லிக்கு 6 குறி, 6 பைட்டு. அங்கே பிளவு எழுத்துக்கும் குறிக்கும் இடையில் மட்டுமே இருந்தது. 2015இல் நடுவண் அரசு திறமூல மென்பொருள் ஏற்புக் கொள்கையை அறிவித்தது. ஏற்பது ஒன்று, ஏற்றதைத் தன் மொழிகளால் சோதிப்பது மற்றொன்று.

அலகை மாற்றித் தருவது நிரலை எழுதுபவரின் பொறுப்பு என்று பிணைப்பைப் பராமரிப்போர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீண்ட உரையில் ஒவ்வோர் அழைப்புக்கும் மாற்றிக் கணக்கிடுவது வேகத்தைக் குறைக்கும். பழைய நிரல்களும் முறியக்கூடும். ஆனால் மாற்றித் தருவது வேறு, அறிவிப்பது வேறு. கட்டளைக் கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்று வகுத்த யாப்பிலக்கணம், ஒற்றை நீக்கி எண்ண வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிற்று. அந்த ஒரு வரி இல்லையென்றால் இலக்கணமே பயனற்றது. ஜிடிகேயின் உரைச்சுட்டியில் குறியெண்ணுக்கு ஒரு செயற்கூறு, பைட்டுக்கு ஒன்று, சுட்டி நிற்கும் எழுத்தெல்லைக்கு ஒன்று எனப் பெயராலேயே பிரித்திருக்கிறார்கள். ஆக, வழி தெரியாமல் இல்லை.

இக்குறையைக் கண்டுபிடிக்கத் தேவையானது நிரலாக்க மேதைமை அன்று. எழுத்தன், அசை, குறி என்ற வேறுபாடுகளை அறிந்த கண். மொழியியல் துறைகளில் அத்தகையோர் இருக்கிறார்கள். சோதனைக் கோப்பில் பத்து வரி சேர்த்த ஆய்வாளருக்கு ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ள இடம் இல்லாததால் அந்த வரிகள் எழுதப்படாமலே போகின்றன. கருத்தரங்கக் கட்டுரை ஒன்றுக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதியையேனும் அவற்றுக்கு வழங்க ஆய்வுக்குழுக்கள் முன்வரலாம்.

அடுத்த வெளியீட்டுக்கு வேண்டியவை மிகச் சில: ‘டெல்லித் தமிழ்’ என்ற தொடர், 2 குறியெண்ணாகவும் 3 குறியெண்ணாகவும் எழுத இயலும் ‘கொ’, ஒரு முந்திரிக் குறி. இம்மூன்றையும் பைதான், ஜாவாஸ்கிரிப்ட் பிணைப்புகள் இரண்டின் வழியாகவும் செலுத்தி, கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும்.