தேவதைகளுக்கு ஓவர்டைம் உண்டா சார்?

மே 12 வந்தால் போதும். மெழுகுவர்த்தி ஏற்றி, கேக் வெட்டி, நர்ஸ்களுக்கு ஆளுக்கொரு ரோஜா கொடுத்து, "நீங்க எல்லாம் தேவதைகள்" என்று ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் உருகும். அந்த மேடையில் ஏறித் தலைப்பில் இருக்கும் கேள்வியைக் கேட்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

என் பெரியம்மா பொண்ணு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். (பேரெல்லாம் கேட்காதீங்க, அக்கா வேலை போயிடும்.) காலை டியூட்டி 7 முதல் 3 வரை. இது பேப்பரில். நிஜத்தில் 6.45-க்கே வார்டில் நிற்கணும், அவசர மருந்துகளை எண்ணிக் கணக்கு ஒப்பிக்கணும். 3 மணிக்கு அடுத்த ஷிஃப்ட் வந்ததும் பெட் பெட்டாகப் போய் ஒப்படைக்கணும். யாருக்கு ட்ரிப்ஸ் எவ்வளவு பாக்கி, யாருக்கு 5 மணி ஊசி, யார் ஆபரேஷனுக்காகப் பட்டினி இருக்கார்... அப்புறம் கேஸ் ஷீட் எழுதணும். 3.30-க்குக் கிளம்பினால் அது நல்ல நாள்.

இந்த 45 நிமிஷத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் வாசலில் ரேகை வைக்கும் மிஷின் இருக்கே, அது 10 நிமிஷம் லேட்டா வந்தால் கரெக்டா பிடிக்கும். மூணு லேட்டுக்கு அரை நாள் சம்பளம் கட். லேட்டா போறதும் அதே மிஷினில்தான் பதிவாகுது. அதைப் பார்க்கத்தான் யாருக்கும் கண் இல்லை!

கணக்குப் போடுவோம். 45 நிமிஷம், மாசம் 26 நாள்: பத்தொன்பதரை மணி நேரம். வருஷத்துக்கு 234 மணி. எட்டு எட்டாக வகுத்தால் 29 ஷிஃப்ட். அதாவது வருஷத்தில் ஒரு மாசத்துக்கும் மேல ஓசி வேலை. இது எந்த எமர்ஜென்சியும் வராத வருஷக் கணக்கு. அடுத்த ஷிஃப்ட் ஆள் வராமல் டபுள் டியூட்டி பார்த்ததெல்லாம் தனி.

சட்டம் இல்லையா? இருக்கு. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு (2019-ல் நிறைவேறியது), குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளி வழக்கமான வேலை நேரத்துக்கு மேல் உழைத்தால் குறைந்தது இரட்டிப்பு ஊதியம் தரணும் என்கிறது. முழு ஒரு மணி நேரம்கூட வேண்டாம், மணி நேரத்தின் ஒரு பகுதிக்கும் உண்டு. 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே ஓவர்டைம் இருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 50-க்குக் கீழே என்றாலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதானே, ஃபைலில் பத்திரமாக இருக்கும்.

இதை வகுப்பில் சொன்னால், "நோயாளியைப் பாதியில் விட்டுட்டு மணி ஆச்சுன்னு கிளம்ப முடியுமா?" என்கிறான் ஒருத்தன். முடியாதுதான். விட்டுட்டுப் போக முடியாதுன்னா அது வேலை. வேலைன்னா கூலி. இதில் என்ன குழப்பம்?

"நைட்டிங்கேல் காசுக்கா பண்ணாங்க?" என்றாள் இன்னொருத்தி. அவங்க 1853-ல் லண்டனில் சம்பளம் வாங்காமல்தான் வேலை பார்த்தாங்க, உண்மை. அப்பா வருஷத்துக்கு 500 பவுண்டு கொடுத்தார். எங்க பெரியப்பா அக்கா படிப்புக்கு வாங்கின கடனையே இன்னும் கட்டிட்டிருக்கார்.

சின்ன ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுபடி ஆகாதாம். ஜெனரேட்டருக்கு டீசல் ஓசியிலா வருது? உங்க வீட்டில் யாராவது அட்மிட் ஆகியிருந்தால் அந்த பில்லை எடுத்துப் பாருங்க. பல இடங்களில் 'நர்சிங் சார்ஜ்' என்று ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தனி வரி இருக்கும். நாம கொடுத்துட்டோம். அது அக்கா கைக்கு வரலை.

நர்சிங் படிக்கிற தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் சொந்த நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்க. நாளைக்குத் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பாங்க. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துடாதீங்க.