காற்றுக்கு முள் உண்டு, டீசலுக்கு ஏன் இல்லை?

திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் ஏதாவது ஒரு டிரெய்லரின் கேபினில் ஏறிப் பாருங்கள். பிரேக் காற்றுக்கு முள் இருக்கும். ஆயில் அழுத்தத்துக்கு மீட்டரோ விளக்கோ இருக்கும். டேங்கில் எவ்வளவு டீசல் என்று காட்டவும் முள் இருக்கும். ஆனால் அந்த டீசல் போதிய அழுத்தத்தோடு பம்புக்குப் போய்ச் சேருகிறதா என்று காட்ட? பெரும்பாலான வண்டிகளில் ஒன்றுமே கிடையாது!

1948-ல் தொடங்கிய அசோக் லேலண்டின் ஆலை பக்கத்து எண்ணூரில்தான் இருக்கிறது. லாரி பிறக்கிற ஊரும் இதுதான், லாரி காத்துக்கிடக்கிற ஊரும் இதுதான். இங்கேயே இந்த நிலை என்றால் என்ன சொல்வது?

பழைய பம்ப் வண்டி கொஞ்சம் அழுக்கையும் காற்றையும் பொறுத்துக்கொள்ளும். 2017-ல் பி.எஸ்.4, 2020-ல் பி.எஸ்.6 என்று நாடு முழுக்க விதி மாறிய பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை காமன் ரயில் வண்டிகள். லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார் அழுத்தம். ரயிலில் இருப்பதோ 1,600 பார், அதற்கு மேலும் உண்டு. இத்தனை அழுத்தத்தில் உழைக்கும் பம்புகள் பலவற்றுக்கு மசகு எண்ணெயே டீசல்தான். ஃபில்டர் அடைத்தாலோ, ஃபீட் பம்ப் தளர்ந்தாலோ, பைப்பில் காற்று எடுத்தாலோ பம்ப் வறண்டு தேய்கிறது. தேய்ந்த இரும்புத்தூள் இன்ஜெக்டருக்குள் போகிறது. அப்புறம் செலவு லட்சத்தில்!

வண்டியின் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்காதா என்பார்கள். அது கவனிப்பது முக்கியமாக ரயில் அழுத்தத்தை. அது குறைந்து விளக்கு எரியும்போது பல நேரம் சேதம் நடந்து முடிந்திருக்கும். முன்கூட்டியே சொல்வது ஃபீட் பக்கத்து முள்தான்.

மாட்டுவது பெரிய வித்தையா? இல்லை. ஃபீட் பம்ப் அழுத்தித் தள்ளும் பக்கத்தில், ஃபில்டருக்கும் பெரிய பம்புக்கும் நடுவே ஒரு 'டி' இணைப்பு, அதில் ஒரு சென்சார், அங்கிருந்து கேபினுக்கு ஒயர். அவ்வளவுதான். டீசல் பைப்பையே கேபினுக்குள் இழுக்கக் கூடாது, கசிந்தால் தீ. உயர் அழுத்தப் பைப்பைத் தொடவே கூடாது, அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துவிடும். சில இன்ஜின்களில் ஃபில்டர் உறிஞ்சும் பக்கம் இருக்கும், அதற்கு வேக்குவம் கேஜ்தான் வேண்டும். புது ஃபில்டர் போட்ட அன்று முள் எங்கே நிற்கிறதென்று குறித்துவைத்தால் போதும். லோடு ஏற்றி மேம்பாலம் ஏறும்போது முள் அதைவிட இறங்கினால் ஃபில்டரைப் பார் என்று அர்த்தம்.

"வாரண்டி போய்விடும்" என்பது ஓனர்களின் முதல் சாக்கு. நியாயமான பயம்தான். அப்படியானால் கம்பெனியிடமே மாட்டித் தரச் சொல்லிக் கேட்கலாமே! எத்தனை பேர் கேட்டார்கள்? "டிரைவருக்கு இதெல்லாம் புரியுமா?" என்பது அடுத்த சாக்கு. ஏர் முள்ளைப் பார்த்து 40 அடி டிரெய்லரை நிறுத்துகிறவருக்கு இன்னொரு முள் புரியாதா?

உண்மைக் காரணம் வேறு. முள் இல்லாதவரை பழியை டிரைவர் தலையில் போடலாம். "கண்ட இடத்தில் டீசல் போட்டே, வண்டியை முறுக்கினே" என்று படியில் பிடிக்கலாம். டிரைவரின் தவறால்தான் சேதம் என்று காட்டாமல், அவர் பதிலைக் கேட்காமல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது 1936-ன் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் சாட்சி சொல்ல ஒரு முள்கூட இல்லாத கேபினில் அவர் எதைக் காட்டிப் பதில் சொல்வார்?

கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் தடுப்புச் செலவு. ஒரு இன்ஜெக்டர் விலையில் சிறு பங்குகூட ஆகாத மீட்டர் ஓனரின் பணத்தையும் காக்கும், டிரைவரின் சம்பளத்தையும் காக்கும். இதைச் செலவு என்று எழுதுகிறவர் கணக்கே தெரியாதவர். தெரிந்தும் மறுக்கிறவரோ, அந்தக் கணக்கை டிரைவரின் பாக்கெட்டில் எழுதிப் பழகியவர்!