பெயர்ப்பதற்கு முன் பொருத்துதல்

குடிபெயரும் இல்லத்தார் எந்தப் பெட்டி எந்த அறைக்குரியது என்பதை வண்டியேற்றுமுன்னரே குறித்துக்கொள்வர். கணிப்பொறியில் ஒரு மென்பொருளினின்று மற்றொன்றுக்குப் பதிவேடுகளைப் பெயர்க்கும்போதும் இதுவே முறை. பழைய அமைப்பிலுள்ள ஒவ்வோர் உருப்படிக்கும் புதிய அமைப்பில் நிகரானது எது என்பதை முதற்கண் காணல் வேண்டும். அவசரங்கருதி இப்பணியைப் பின்னுக்குத் தள்ளுவது தவறு.

பெயர் ஒன்றாயின் பொருளும் ஒன்றே எனக் கருதலாகாது. வாரங்கல் மாவட்டம் இதற்குத் தக்க சான்று. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அது ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 35 இலட்சம். 2014இல் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. 2016இல் அம்மாவட்டம் பல மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் வாரங்கல் ஊரகம் எனப்பட்டதே 2021இல் வாரங்கல் என்னும் பெயரைப் பெற்றது. பெயரை மட்டும் நோக்கிப் பொருத்தினால், முழு மாவட்டத்தின் மக்கள் அனைவரும் அதன் ஒரு பகுதியில் வாழ்வதாகக் கணக்காகும்.

இதற்கு மாறாக, ஒரே பொருள் இரண்டாகத் தோன்றுதலும் உண்டு. தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனித்தனியே இருந்த பள்ளித் தகவல் முறைகள் 2012-13இல் ‘யூடைஸ்’ என்னும் ஒரே முறையாக இணைக்கப்பட்டன. எட்டாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் ஒருங்கே கொண்ட பள்ளி இரு முறைகளிலும் இடம்பெறக்கூடியது. இணை காணாது சேர்த்தால் ஒரு பள்ளி இரண்டாகும். ஆசிரியர் சிலர் இருமுறை எண்ணப்படுவர். அக்கணக்கைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்களை வகுத்தால் துன்புறுவோர் மாணவரே.

ஆகவே, உருப்படிகளை நால்வகையாகப் பிரித்தல் நலம்: ஒன்றுக்கு ஒன்று நிகராவன, ஒன்று பலவாவன, பல ஒன்றாவன, நிகரற்றன. முதல்வகையை மட்டும் நேரே பெயர்க்கலாம். ஒன்று பலவான இடத்தில் மேலும் சிறிய அலகுக்கு இறங்குதல் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் ஒவ்வொரு சிற்றூருக்கும் ஆறிலக்கக் குறியெண் உண்டு. மாவட்ட எல்லை மாறினும் சிற்றூர்களைத் தொகுத்துப் புதிய கணக்கைப் பெரும்பாலும் பெறலாம். பல ஒன்றாகுமிடத்து இரட்டிப்பை நீக்கிய பின்னரே கூட்டுதல் வேண்டும். நிகரற்றவற்றை ஏதேனுமொன்றில் வலிந்து சேர்க்காமல் தனிப்பட்டியலில் வைத்தல் வேண்டும்.

கணிப்பொறியே விரைவாகப் பொருத்துமே, மனிதர் எதற்கு எனச் சிலர் வினவலாம். எளியவற்றை அது பொருத்தட்டும். ஆனால் ஒரே பெயருடைய இரண்டு ஊர்களுள் எது ஆற்றின் அக்கரையில் உள்ளது, எந்தப் பள்ளி எதனோடு இணைக்கப்பட்டது என்பவற்றை அறிந்தோர் களப்பணியாளரும் ஆசிரியருமே. ஐயத்துக்குரிய பட்டியல் அவர்களிடம் சென்று, அவர்தம் ஒப்புதலோடு திரும்பிய பின்னரே பெயர்ப்பு தொடங்குதல் வேண்டும். இதனால் சில வாரங்கள் தாமதம் நேரலாம். தவறாகப் பெயர்ந்த பதிவைத் திருத்துவதற்கோ ஆண்டுகள் ஆகும். அதுகாறும் தவறே உண்மையென வழங்கும்.