விழுக்காடும் ஐந்தாம் வேற்றுமையும்

இலக்கியம் பேசும் இடத்தில் பங்குச் சந்தையைக் கொண்டுவருவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் எடுத்துக்கொள்வது சந்தையையன்று, ஒரு வாக்கியத்தை. "இன்று ஐந்து விழுக்காட்டுக்கு மேல் ஏறிய பங்குகளைக் காட்டு" என்பதே அது. தேசியப் பங்குச் சந்தையில் வணிகமாகும் நிறுவனங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றை இந்த ஒற்றை வரியால் நொடியில் சலித்துவிடலாம். இத்தகைய கட்டளையை ஸ்கேன் என்கிறார்கள். அமிபுரோக்கர் போன்ற மென்பொருள்களிலும் சார்ட்இங்க் போன்ற தளங்களிலும் சற்றுப் பழகிய எவரும் இதை எழுதலாம்.

பொத்தேரி ரயில் நிலையத்தைச் சுற்றிப் பல்கலைக்கழகமும் விடுதிகளும் மாணவர் அறைகளும் நிறைந்த பகுதியில் இந்த வாக்கியம் தேநீர்க் கடைப் பேச்சாகிவிட்டது. சந்தை காலை 9.15க்குத் திறந்து மாலை 3.30க்கு மூடுகிறது, வகுப்பு நேரமும் ஏறக்குறைய அதுவே. ஒருவர் எழுதிய ஸ்கேன் இன்னொருவர் கைப்பேசிக்குப் போகிறது, அங்கிருந்து மற்றொருவருக்கு. எழுதியவர் என்ன எண்ணி எழுதினார் என்பது உடன் செல்வதில்லை. பட்டியல் மட்டுமே செல்கிறது. அதை நம்பி விடுதிச் செலவுக்கு வந்த பணமும் போடப்படுகிறது.

விழுக்காட்டைக் கொண்டு சலிப்பதே பிழை என்பதன்று என் தரப்பு. புள்ளிகளிலும் ரூபாய்களிலும் பேசுவதைவிட அது எவ்வளவோ நேர்மையானது. 1992 ஏப்ரல் 28 அன்று சென்செக்ஸ் 570 புள்ளிகள் வீழ்ந்தது. 2024 ஜூன் 4 அன்று, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாளில், 4,389 புள்ளிகள் வீழ்ந்தது. எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதே பெருவீழ்ச்சி என்பார். ஆனால் முன்னது 12.77 விழுக்காடு, பின்னது 5.74 விழுக்காடுதான். சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனப் பங்கு 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் ஆயிரம் ரூபாய் ஏற்றம் என்பது ஒரு விழுக்காடு. ஐந்து ரூபாய்ப் பங்கில் ஐம்பது காசு ஏறினாலோ அது பத்து விழுக்காடு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. விழுக்காட்டு மாற்றம் என்பது இன்றைய விலையிலிருந்து ஓர் அடிப்படை விலையைக் கழித்து, வந்ததை அந்த அடிப்படை விலையாலேயே வகுத்து, நூறால் பெருக்குவது. அந்த அடிப்படை எது? மேற்சொன்ன வாக்கியத்தில் அது இல்லை. தமிழ் இலக்கணத்தின் சொற்களில் சொன்னால், அதில் ஐந்தாம் வேற்றுமை இல்லை. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் வகுக்கும் பொருள்கள் நான்கு: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட இந்நான்கும் ஒரு ஸ்கேன் எழுதுபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகளாகவும் அமைகின்றன.

முதலாவது நீங்கல். எதிலிருந்து ஏறியது? நேற்று 100 ரூபாயில் முடிந்த பங்கு இன்று காலை 108இல் திறந்து மாலை 104இல் முடிகிறது என்று கொள்வோம். நேற்றைய முடிவு விலையிலிருந்து பார்த்தால் 4 விழுக்காடு ஏற்றம். இன்றைய தொடக்க விலையிலிருந்து பார்த்தால் 3.7 விழுக்காடு இறக்கம். ஒரே பங்கு, ஒரே நாளில், ஏறியவற்றின் பட்டியலிலும் இறங்கியவற்றின் பட்டியலிலும் இடம்பெற முடியும். காலையில் வாங்கியவர் நட்டத்தில் இருக்க, மாலைப் பட்டியல் அப்பங்கைக் கொண்டாடும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அடிப்படை வேறு என்பதையும் இங்கே மறக்கலாகாது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகளைத் திரித்ததை ராமலிங்க ராஜு கடிதத்தில் ஒப்புக்கொண்ட நாளில், சத்யம் பங்கு மும்பைச் சந்தையில் 179.10 ரூபாயிலிருந்து 39.95க்கு வந்தது. வீழ்ச்சி 77.69 விழுக்காடு. பழைய விலைக்கு மீள வேண்டுமானால் ஏற வேண்டியதோ ஏறத்தாழ 348 விழுக்காடு.

இரண்டாவது ஒப்பு. எதைக் காட்டிலும் ஏறியது? 2009 மே 18 அன்று, தேர்தல் முடிவுக்குப் பின் சந்தை திறந்தபோது, சென்செக்ஸ் 17.34 விழுக்காடு உயர்ந்து, வணிகமே நிறுத்தப்பட்டது. அன்று ஐந்து விழுக்காடு ஏறிய பங்கு உண்மையில் பின்தங்கிய பங்கு. மாறாக, 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 13.15 விழுக்காடு வீழ்ந்த வேளையில் விலை மாறாமல் நின்ற பங்கு ஏதேனும் இருந்திருந்தால், அது எந்த ஏற்றப் பட்டியலிலும் வந்திராது, கவனத்துக்குரியது அதுவேயாகும். பங்கின் மாற்றத்திலிருந்து குறியீட்டின் மாற்றத்தைக் கழிக்க ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். கைமாறி வரும் ஸ்கேன்கள் பலவற்றில் அந்த வரியைக் காண முடிவதில்லை.

மூன்றாவது எல்லை. தாம்பரத்தின் தெற்கு பொத்தேரி என்பதில் இலக்கணம் கருதுவது திசையின் எல்லை. சந்தையில் இருப்பது விலையின் எல்லை. தனிப் பங்குகளுக்கு ஒரு நாளில் 2, 5, 10, 20 விழுக்காடு என வரம்புகள் உண்டு. முன்பேர வணிகம் நடைபெறும் பங்குகளுக்கு மட்டும் இத்தகைய நிலையான வரம்பு இல்லை. ஐந்து விழுக்காட்டு வரம்புக்குள் இருக்கும் பங்கை, பத்து விழுக்காடு கேட்கும் ஸ்கேன் ஒருநாளும் பிடிக்காது. மேல் வரம்பைத் தொட்டுவிட்ட பங்கு பட்டியலில் முதலில் நிற்கும். ஆனால் அங்கே வாங்க நிற்போர் வரிசை இருக்குமே தவிர விற்போர் இருக்கமாட்டார். மறுநாள் விற்பவர் வருகிறார் என்றால் அவர் ஏன் விற்கிறார் என்று கேட்க வேண்டும். குறைந்தபட்ச விலை, குறைந்தபட்ச வணிக அளவு ஆகிய இரு நிபந்தனைகள் இல்லாத ஸ்கேன், ஒரு சிலர் சிறு பணத்தில் அசைக்கக்கூடிய பங்குகளையே முன்னால் நிறுத்தும்.

நான்காவது ஏது, அதாவது காரணம். 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்சியல் பிரிக்கப்பட்டபோது, முந்தைய நாள் 2,841.85 ரூபாயில் முடிந்த ரிலையன்ஸ் பங்கின் விலை தேசியச் சந்தையில் 2,580 என்று கண்டறியப்பட்டது. பழைய விலையைச் சரிசெய்யாத ஸ்கேனுக்கு இது ஒன்பது விழுக்காட்டு வீழ்ச்சி. பங்குதாரருக்கோ எதுவும் குறையவில்லை, வேறுபாடான 261.85 ரூபாய் புதிய நிறுவனத்தின் பங்காக அவரிடமே வந்தது. 2024 அக்டோபர் 28 அன்று அதே ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்தபோது விலை பாதியானதும் இவ்வாறே. இதற்கு மறுகோடியில் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் அந்நிறுவனத்தின் பங்கு, 3.53 ரூபாய் என்ற பொருளற்ற பழைய விலையிலிருந்து, 2024 அக்டோபர் 29 அன்று சிறப்பு ஏலத்துக்குப் பின் 2,36,250 ரூபாய்க்கு வந்தது. கணக்குப்படி ஏற்றம் 66,92,535 விழுக்காடு. அன்று மாறியது நிறுவனத்தின் செல்வமன்று; அடிப்படை எண் உயிரற்றுக் கிடந்தது என்பதே செய்தி.

இந்நான்கையும் எழுதிவிட்டால் ஸ்கேன் வழிகாட்டியாகிவிடுமா? ஆகாது. அது நடந்து முடிந்ததைச் சொல்லும் வாக்கியம். அதன் வினைமுற்று இறந்தகாலம். பட்டியலில் வந்ததாலேயே நாளையும் ஏறும் என்பது எதிர்காலம் பற்றிய வேறொரு வாக்கியம். அதை மெய்ப்பிக்க வேறு உழைப்பு வேண்டும். மூன்று மாதங்களேனும் பணம் போடாமல் பட்டியலைக் குறித்துவைத்து, மறுநாள் தொடக்க விலையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கலாம். பழைய ஆண்டுகளில் சோதிப்பவர்கள் இன்றைய நிறுவனப் பட்டியலை வைத்துச் சோதிப்பதிலும் ஒரு பொறி உள்ளது. 2013இல் டெக் மகிந்திராவுடன் இணைந்துவிட்ட சத்யம் இன்றைய பட்டியலில் இல்லை. அந்த நட்டம் சோதனையில் தெரியவே தெரியாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, 2022-23 நிதியாண்டில் அன்றன்றே வாங்கி விற்ற தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டமடைந்ததாகக் கூறுகிறது. முப்பது வயதுக்குட்பட்டோரில் அது 76 விழுக்காடு. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களில் 80 விழுக்காடு. அவ்வகை வணிகரில் முப்பதுக்குட்பட்டோரின் பங்கு நான்கே ஆண்டுகளில் 18இலிருந்து 48 விழுக்காடாக உயர்ந்தும் இருக்கிறது. விரைவாகப் பட்டியல் கிடைப்பது விரைவாக வாங்கத் தூண்டுகிறது என்பது என் கருத்து. பொத்தேரியின் அறைகளில் காணக் கிடைப்பதும் அதுதான்.

எனவே இளைய நண்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. ஸ்கேனைக் கடன் வாங்காதீர்கள். தாளும் எழுதுகோலும் எடுத்து, முதலில் தமிழில் ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: எதிலிருந்து, எதைக் காட்டிலும், எந்த வரம்புக்குள், எக்காரணத்தால். இந்நான்கில் ஒன்றுக்கு விடை எழுத இயலவில்லையென்றால் அதைக் கணிப்பொறிக்கு மொழிபெயர்க்க வேண்டாம். அன்று வாங்கவும் வேண்டாம்.