எட்டு வரி எழுத நமக்கு ஆளில்லையா?

"கமாண்ட் லைன் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும்? அதைப் போய் எதுக்கு சார் தமிழில் எழுதிக்கிட்டு?"

இந்த ஒரு வருடத்தில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், அதுவும் தமிழ்ப் பேராசிரியர். மூன்றாமவர் என் மருமகன். மருமகனுக்கு நேரில் பதில் சொன்னால் மகள் கோபித்துக்கொள்வாள். ஆகவே மூவருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

விஷயம் தெரியாத நண்பர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். கணினியில் படங்களைத் தட்டி வேலை வாங்குவது ஒரு வழி. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்து வேலை வாங்குவது இன்னொரு வழி, அதுதான் மூத்த வழி. அந்த ஒரு வரிக் கட்டளைகளுக்கு 1971லேயே கையேடு எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி இருவரின் வேலை அது. இன்றும் 'மேன்' என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரையும் தட்டினால் அதன் கையேடு திரையில் விரியும். முழுமையானது, துல்லியமானது, சாமானியன் படித்து முடிக்க முடியாதது. 'பாஷ்' என்ற ஒன்றுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான வரிகள்.

இதற்கு மாற்றாக 2013 கடைசியில் ஒரு பொதுப்பணி தொடங்கியது. பெயர் டி.எல்.டி.ஆர். 'ரொம்ப நீளம், படிக்கவில்லை' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. ஒரு கட்டளைக்கு ஒரு பக்கம். மேலே ஒரு வரி அறிமுகம், கீழே அதிகபட்சம் எட்டு உதாரணம், அவ்வளவுதான். ஒன்பதாவது உதாரணத்துக்கு இடம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வேறு தன்னார்வலர்கள் படித்துப் பார்த்து, திருத்தம் சொல்லி, சேர்த்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. தமிழுக்கும் தனியாக ஒரு அடைவு உண்டு, அதில் இருப்பது சிறு பங்குதான். நாம் தமிழில் கேட்டு, தமிழ்ப் பக்கம் இல்லையென்றால் ஆங்கிலப் பக்கத்தைக் காட்டிவிடும்.

மத்திய அரசு விதிகளின் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லிவிடலாம். அடிப்படை விதிகள், துணை விதிகள் என்று எஃப்.ஆர்., எஸ்.ஆர். இருந்ததே, அதை நேராகப் படித்து யாராவது லீவு கணக்குப் போட்டோமா? சுவாமி ஹேண்ட்புக்கைத்தானே புரட்டினோம்? 'மேன்' என்பது எஃப்.ஆர். என்றால், டி.எல்.டி.ஆர். சுவாமி ஹேண்ட்புக். மூல விதியை அது ஒழிக்கவில்லை. மேஜையில் கிடந்து வேலையை நடத்திக் கொடுத்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மொழியில். வேலைக்குச் சேர்ந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலம். ஆங்கிலம் 'தெரிவது' வேறு, ஆங்கிலத்தில் ஒரு விதியைப் படித்துவிட்டுத் தைரியமாகக் கையெழுத்துப் போடுவது வேறு என்பது எங்கள் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். டெபியன் லினக்ஸில் பிரெஞ்சுக் கையேடுகள் ஒரு தொகுப்பாகவே கிடைக்கின்றன. அதை நிறுவி, கணினியின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றினால் 'மேன்' பிரெஞ்சில் பேசும். நான் கட்டளைகளைக் கற்றது அப்படித்தான். பிரான்ஸில் கறுப்புத் திரையில் வேலை செய்யும் பொறியாளர்களுக்கு ஆங்கிலம் தெரியாதா? தெரியும். தெரிந்தவர்கள்தான் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். "இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு எதற்கு" என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பக்கமும் வந்திருக்காது.

இது யாருக்குப் பயன்படும் என்பது அடுத்த கேள்வி. நமக்குத்தான். பென்ஷன் விண்ணப்பத்துக்குப் போட்டோ இத்தனை கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்கிறான். ஸ்கேன் செய்த நாலு தாளை ஒரே பி.டி.எஃப். ஆக்கு என்கிறான். இதற்காக பிரவுசிங் சென்டருக்குப் போய் ஐம்பது ரூபாய் கொடுக்கிறோம். ஐம்பது ரூபாய் போனால் போகட்டும், நம் ஆதாரும் பாஸ்புக்கும் அந்தக் கடைக் கணினியில் தங்கிவிடுகிறதே, அதை யோசித்தீர்களா? படத்தைச் சுருக்க 'இமேஜ்மேஜிக்' என்று ஒன்று இருக்கிறது, விலை கிடையாது. ஒரே வரி. அந்த ஒரு வரியைத் தமிழில் விளக்கி எழுதி வைத்தால் பத்தாவது படித்த பெண் தன் வீட்டிலேயே செய்துவிடுவாள். அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியும், கட்டளையைத் தட்டிவிடுவாள். அந்த வரி என்ன செய்கிறது என்பதுதான் ஆங்கில விளக்கத்தில் அவளுக்குப் பிடிபடுவதில்லை.

பேராசிரியரின் கட்சி வேறு. முதலில் கலைச்சொற்களை முடிவு செய்ய வேண்டுமாம், குழு போட வேண்டுமாம், அப்புறம்தான் எழுத வேண்டுமாம். நான் பார்த்த குழுக்கள் கொஞ்சநஞ்சமல்ல, சமோசா பில்லை நானே பாஸ் செய்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்களை விடவா சொல்லாக்கத்தில் வெறி உண்டு? 1955ல் ஐ.பி.எம். நிறுவனம் கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் பெயர் கேட்டபோது ழாக் பெர்ரே என்ற பேராசிரியர் 'ஒர்தினத்தேர்' என்ற சொல்லைக் கொடுத்தார். அது நின்றுவிட்டது, இன்று அங்கே கம்ப்யூட்டர் என்று யாரும் சொல்வதில்லை. 2003ல் மின்னஞ்சலுக்கு 'கூரியேல்' என்று அரசிதழிலேயே போட்டார்கள். ஜனங்கள் இன்றும் 'மெயில்' என்றுதான் சொல்கிறார்கள். எழுதி, பழகி, புழங்கிய பிறகுதான் எது நிற்கும் என்று தெரியும்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். ஃபைலுக்குப் பிரெஞ்சில் 'ஃபிஷியே'. அது அலுவலகங்களில் அட்டைகள் அடுக்கிய பெட்டிக்கு இருந்த பெயர். தமிழில் 'கோப்பு'. அதுவும் அலுவலகத்தில் நாம் நூல் கோத்துக் கட்டி வைத்த கோப்புதான். இரண்டு மொழியிலும் கணினி குமாஸ்தாவிடம்தான் சொல் கடன் வாங்கியிருக்கிறது. அப்படியிருக்க, இதைப் பற்றி எழுத நமக்குத் தகுதியில்லை என்று நாமே நினைத்துக்கொள்வது அநியாயம்.

மருமகன் சொல்வது: "மாமா, எல்லாத்தையும் மெஷினில் போட்டால் ஒரு ராத்திரியில் தமிழாகிடும்." ஆகும். 'கில்' என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் போட்டால் 'கொல்'. ஆனால் அந்தக் கட்டளை செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குச் சைகை அனுப்புவது. எதுவும் குறிப்பிடாவிட்டால் 15ஆம் எண் சைகை போகும். "தயவுசெய்து முடித்துக்கொள்" என்ற நோட்டீஸ் மாதிரி அது. நிரல் தன் கணக்குவழக்கைச் சரிசெய்துவிட்டுப் போகலாம், காதில் வாங்காமலும் இருக்கலாம். 9ஆம் எண் சைகைக்கு மறுப்பே கிடையாது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும். எடுத்த எடுப்பில் 9 போடக் கூடாது என்பது இந்த வித்தியாசம் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். 'கொல்' என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. மெஷின் முதல் நகல் போட்டுக் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டிப் பார்க்காமல் அதை அப்படியே அனுப்புகிறவனைத்தான் கண்டிக்கிறேன். அங்கே சரிபார்க்கத் தமிழ் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். குப்பையை அனுப்பினால் அவர்கள் தலையில்தான் விடியும்.

'டார்' கட்டளையும் அப்படித்தான். பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டுவது அதன் வேலை, காந்த நாடாவின் காலத்துச் சரக்கு. 'சி' போட்டால் கட்டும், 'எக்ஸ்' போட்டால் அவிழ்க்கும், 'டி' போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அவிழ்ப்பதற்கு முன் பட்டியலைப் பார்ப்பது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். எட்டு உதாரணத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற தீர்மானத்தில்தான் எழுதுகிறவனின் மூளை இருக்கிறது. நாற்பது பக்கக் கோப்பை மேலதிகாரிக்கு அரைப் பக்கக் குறிப்பாக எழுதி வைத்தோமே, அதே வேலை.

நடை பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பக்கங்களில் விளக்கத்தின் வினைச்சொல் படர்க்கையில், நிகழ்காலத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். 'உருவாக்குகிறது', 'நீக்குகிறது' என்பது போல. தமிழில் 'உருவாக்கு' என்று அதட்டுவதா, 'உருவாக்கவும்' என்று நோட்டீஸ் போர்டு போல எழுதுவதா, 'உருவாக்க' என்று நிறுத்திவிடுவதா? என் ஓட்டு மூன்றாவதுக்கு. மூட்டையை அவிழ்க்க, படத்தைச் சுருக்க, பட்டியலைப் பார்க்க என்று போட்டு, கீழே கட்டளையை எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. இதற்கு எதிர்க்கட்சி இருந்தால் வாதாடத் தயார். ஆனால் முதலில் ஒரு பக்கமாவது எழுதிவிட்டு வாருங்கள்.

ஒருமுறை எழுதியதோடும் வேலை முடியாது. ஆங்கிலப் பக்கம் மாறும்போது தமிழ்ப் பக்கம் பழசாகிவிடும். விதிப் புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டியது ஞாபகம் இருக்கிறதா? பசை டப்பாவும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து, பழைய பத்தியின் மேல் புதிய பத்தியை ஒட்டி, ஓரத்தில் தேதி போடுவோம். ஒட்டாமல் விட்ட புத்தகத்தை நம்பி ஆர்டர் போட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். இளைஞர்கள் ஆர்வத்தில் பத்துப் பக்கம் எழுதிவிட்டு வேலை மாறிப் போய்விடுகிறார்கள். சீட்டு ஒட்ட ஆள் இல்லை. அந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கணக்குத் திறந்து, உலாவியிலேயே திருத்தி அனுப்பலாம். தமிழ்த் தட்டச்சும், ஒரு வரியைத் தட்டிப் பார்க்கும் பொறுமையும் போதும். நான் 'கில்' பக்கத்தை எடுத்துக்கொண்டேன். 'டார்' பக்கத்தை, கருவூலக் கணக்குத் துறையில் இருந்த நண்பர் ஒருவர் சரிபார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். படம் சுருக்கும் பக்கத்துக்கு ஒருவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன், லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று சும்மாதான் கிடக்கிறது.